கொடும்பாவி இழுக்கும் மேலாளர்கள்

விளாத்திகுளத்தைச் சுற்றிய கரிசல் சீமையில் மழை தப்பிப்போகும் வருடங்களில் கொடும்பாவி கட்டி இழுக்கும் வழக்கம் உண்டு. வைக்கோலை அடைத்து, பழந்துணியைச் சுற்றி ஓர் ஆள் உருவம் செய்வார்கள். அதைக் கயிறு போட்டுத் தெருத்தெருவாகத் தரையில் இழுத்துப் போவார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். எங்கேயோ ஒரு பெரும் பாவி இருக்கிறான், அவன் செய்த பாவத்தால்தான் வானம் பொய்த்தது, அவனை ஒழித்தால் மழை இறங்கும் என்பது நம்பிக்கை.

இந்த மண்ணுக்கு மழை எப்படி வருகிறது என்பது இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. நமக்கு வாய்ப்பதெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள்தான். அவை வடக்கே ஒதுங்கிப் போனால் இங்கே உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் கருகும். இதில் பாவிக்கு வேலையே இல்லை. ஆனாலும் கொடும்பாவி இழுத்த நம் பாட்டன்மாரிடம் செயற்கைக்கோள் படம் இல்லை. பசியும் பயமும்தான் இருந்தன. அவர்களை நான் குறை சொல்லப்போவதில்லை.

நான் குறை சொல்லப்போவது அவர்களுடைய பேரப்பிள்ளைகளை. கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் திருநெல்வேலியிலும் பொறியியல் படித்து, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் கட்டடங்களில் மென்பொருள் குழுக்களை நடத்திக்கொண்டிருக்கும் மேலாளர்களை. கணினி கும்பிட்டால் இரங்காது, திட்டினால் திருந்தாது. ஓர் எழுத்துப் பிழை இருந்தால் நிரல் ஓடாது, திருத்தினால் ஓடும். காரணமும் விளைவும் தவிர அதற்கு வேறு பாஷை கிடையாது. நாள் முழுக்க அதனோடு பேசிப் பழகியவர்கள், மனிதர்களை நடத்தும்போது மட்டும் காரணத்தை விட்டுவிட்டுப் பாவியைத் தேடுகிறார்கள்.

எப்படி என்று மென்பொருள் வேலையில் இருக்கும் யாரையும் கேளுங்கள். ராத்திரி புது நிரல் வெளியாகிறது, ரிலீஸ் என்பார்கள். விடியற்காலையில் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வருகிறது. அவசரக் கூட்டத்தில் மேலாளரின் முதல் கேள்வி, “இது யாரு கோட்? யாரு அப்ரூவ் பண்ணது?” ஒரு பெயர் வெளியே வருகிறது. அந்தப் பெயர் மின்னஞ்சலில் ஏறுகிறது, மேலே உள்ள எல்லோருக்கும் நகல் போகிறது. அந்தப் பையனோ பெண்ணோ வாரம் முழுக்க ஒவ்வொரு கூட்டத்திலும் இழுபடுகிறார். எல்லோருக்கும் மனம் ஆறிவிடுகிறது. பிழை எந்த ஓட்டை வழியாக வந்ததோ அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. மூன்று மாதம் கழித்து அதே வழியில் வேறொரு பிழை வரும், வேறொரு பெயர் இழுபடும்.

2020-இல் ஊரடங்கு வந்தபோது இந்த வேலை நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. சிக்னல் கிடைக்கும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பிள்ளைகள் பெங்களூர்க் கூட்டத்தில் பேசியதைப் பெற்றவர்கள் முதல்முறையாகக் காதால் கேட்டார்கள். கரிசல் கிராமம் ஒன்றில் ஓர் அம்மாவுக்கும் மகனுக்கும் நடந்த பேச்சு இது.

“ஏய்யா, இந்நேரத்துல யார்ட்ட போயி சாரி, சாரிங்க?”

“மேனேஜர்ம்மா.”

“என்ன தப்புய்யா செஞ்ச?”

“தெரியலம்மா. இன்னும் பாக்கணும்.”

என்ன தப்பு என்று தெரிவதற்கு முன்பே மன்னிப்பு. சாமி குத்தம் என்ன என்று தெரியாமலே கன்னத்தில் போட்டுக்கொள்வதும் இதுவும் ஒரே மனநிலைதான். அந்த மனநிலையைத் தன் குழுவில் வளர்க்கிற மேலாளர், எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் பகுத்தறிவாளர் ஆக மாட்டார்.

வேறு வழி உண்டா என்று கேட்பார்கள். உண்டு, நடந்தும் இருக்கிறது. கிட்லேப் என்பது உலகெங்கும் நிரலர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் ஒரு சேவை. 2017 ஜனவரி 31 அன்று இரவு, நெடுநேரம் வேலை பார்த்துக் களைத்திருந்த அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் ஒரு கோப்புறையை அழிப்பதாக நினைத்து முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியபோது 300 ஜிகாபைட்டில் 5 ஜிகாபைட்டுக்கும் குறைவாகவே மிச்சம் இருந்தது. சரி, காப்பு நகலை எடுக்கலாம் என்று போனால், இருந்த ஐந்து ஏற்பாட்டில் ஒன்றுகூட உருப்படியாக வேலை செய்யவில்லை. நகல் எடுக்கும் நிரல் பல காலமாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

நம் ஊர் அலுவலகமாக இருந்தால் அந்தப் பொறியாளர் விடிவதற்குள் கதவுக்கு வெளியே நின்றிருப்பார். கிட்லேப் வேறு மாதிரி செய்தது. என்ன நடந்தது என்று ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. அந்தப் பொறியாளரை வேலையை விட்டு நீக்கவில்லை. ஏன் ஐந்து காப்பும் தோற்றன, அவற்றைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு ஏன் ஒருவரிடமும் இல்லை என்பதே அவர்கள் எழுதிய அறிக்கையின் கேள்வியாக இருந்தது. கடைசியில் தரவைக் காப்பாற்றியது எது தெரியுமா? சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அதை எடுத்து வைத்தவரும் அதே பொறியாளர்தான். இழப்பு அந்த ஆறு மணி நேரத் தரவோடு நின்றது.

இதைவிடப் பெரிய அடி 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் விழுந்தது. நைட் கேப்பிடல் என்ற நிறுவனம் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டும். ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது, நிறுவனமே தள்ளாடியது. ஏற்றியவர் யார் என்பதோடு விசாரணை நின்றிருக்கலாம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அடுத்த ஆண்டு சொன்னது வேறு. ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதப்பட்ட நடைமுறையே அந்த நிறுவனத்தில் இல்லை என்றது. அபராதம் நிறுவனத்துக்குத்தான் விழுந்தது.

மனிதர் தவறுவார் என்பது இயற்கை. அதைத் தெரிந்துகொண்டே, தவறினாலும் தாங்கும்படி வேலையை அமைப்பதற்குத்தான் மேலாளருக்குக் கூடுதல் சம்பளம்.

விபத்து நடந்தால்தான் பாவி தேவைப்படுகிறான் என்றும் இல்லை. வருடா வருடம் பாவியை உற்பத்தி செய்யவே ஓர் ஏற்பாடு உண்டு. அப்ரைசல் எனும் ஆண்டு மதிப்பீட்டு நேரத்தில் பத்துப் பேர் கொண்ட குழுவில் இத்தனை பேர் மேல் தட்டு, இத்தனை பேர் நடுத்தட்டு, ஒருவராவது கடைசித் தட்டு என்று முன்கூட்டியே கட்டம் போட்டு விடுகிறார்கள். பத்துப் பேரும் நன்றாகச் செய்திருந்தாலும் ஒருவர் மோசமானவர் ஆகியே தீர வேண்டும். பல்லாயிரம் பேரை அளந்தால் வரும் மணிவடிவக் கோட்டைப் பத்துப் பேர் மேல் பொருத்துவது எந்தப் புள்ளியியலிலும் சேராது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்த முறையைக் கைவிட்டது. ஆனால் நம் பிள்ளைகள் இன்றும், “இந்த வருஷம் நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று சொல்லப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருகிறார்கள். அப்படிச் சொன்ன மேலாளருக்குத் தெரியும், அந்தப் பிள்ளை மோசமானவர் இல்லை என்று. தெரிந்தே எழுதுகிறார். அதற்குப் பெயர் பொய்ச் சாட்சி.

அடுத்தது வேலை நேரம். தவம் இருந்தால் வரம் கிடைக்கும், உடம்பை வருத்தினால் புண்ணியம் என்கிற பழைய எண்ணம் இந்தத் தொழிலுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார், ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார், வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி. 90 வேலைக்குப் போனால் 78. எட்டு மணி நேரத் தூக்கம் 56. மிச்சம் 22, நாளுக்கு மூன்று மணிச் சொச்சம். குளிக்க, சாப்பிட, சென்னை நெரிசலில் போக, வர எல்லாம் அதற்குள். அப்படியானால் 90 மணி நேரம் உழைப்பவரின் சட்டையைத் துவைப்பது யார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனையில் உட்காருவது யார்? வீட்டில் சம்பளமில்லாமல் உழைக்கும் ஒரு பெண் இருந்தால்தான் 90 மணி நேர ஆண் இருக்க முடியும். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று 2019-இல் இந்திய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கு சொல்கிறது. மனைவியின் முகத்தைப் பார்ப்பதைப் பற்றிப் பேசியவர் மனைவியின் கையைப் பார்க்கவில்லை. அந்த வீட்டுப் பெண்ணும் மென்பொருள் வேலையில் இருந்தால்? அவளுக்கு எந்த மனைவி வருவாள்?

அறம் கிடக்கட்டும், லாபம்தான் முக்கியம் என்பவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஞாயிறும் சேர்த்து வேலை வாங்கினார்கள். எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு உற்பத்தி என்று குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகளை ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்காவெல் 2014-இல் மறுபடி ஆராய்ந்தார். வாரம் 50 மணியைத் தாண்டியதும் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் விளைச்சல் குறைந்துகொண்டே போகிறது. 70 மணி உழைத்தவர்கள் செய்து முடித்ததும் 56 மணி உழைத்தவர்கள் செய்து முடித்ததும் ஏறக்குறைய ஒன்றே. அந்த 14 மணி நேரம் யாருக்கும் பயன்படாமல் எரிந்து போனது. எந்திரத்தில் குண்டு கடையும் வேலைக்கே இப்படி என்றால், மூளையை நம்பிச் செய்யும் வேலைக்கு என்ன ஆகும்? களைத்த நிரலர் நிரல் எழுதாமல் இருப்பதில்லை, பிழையை எழுதுகிறார். கிட்லேப் கதையில் அந்தக் கட்டளையை அழுத்திய விரல், தூங்கப் போயிருக்க வேண்டிய விரல்.

உடம்பின் கணக்கு இன்னும் கொடியது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் 2016 என்கிற ஓர் ஆண்டில் மட்டும் பக்கவாதத்துக்கும் இதய நோய்க்கும் 7,45,000 பேர் பலியானார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. மாதத் தவணையில் வீடு வாங்கியிருக்கும் முப்பத்தைந்து வயது டீம் லீடுகள் இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

2024 ஜூலையில் புனேயில், எர்ன்ஸ்ட் அண்ட் யங் குழுமத்தில் சேர்ந்து நான்கே மாதம் ஆன 26 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். வேலைப் பளுவே மகளைத் தின்றது என்று தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியே வந்தது. வேலை அழுத்தம்தான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி விழாவில் பேசிய ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைப் பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பிக்க வேண்டும், தெய்வ நம்பிக்கையிலிருந்துதான் அந்த வலிமை வரும் என்ற பொருளில் பேசினார். இறந்தவரைக் குறை சொல்லவில்லை என்று பிறகு விளக்கமும் தந்தார். அவர் நோக்கத்தை நான் ஆராயவில்லை. அந்த வாதத்தை ஆராய்கிறேன். பாரம் கூடிவிட்டது என்றால் பாரத்தைக் குறைக்க வேண்டும். தாங்குவதற்குச் சாமியைக் கும்பிடு என்றால், பாரம் ஏற்றியவரை யாரும் ஏறிட்டும் பார்க்கப்போவதில்லை. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற வழக்கே இங்கே வேண்டியதில்லை. இருக்கிறார் என்று நம்புகிறவர்களும் கேட்கலாமே, வேலை நேரப் பட்டியலைப் போட்டது கடவுளா என்று.

இனி கரிசலில் பிறந்தவர்களிடம் மட்டும் ஒரு பேச்சு. நம் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? நகையை அடகு வைத்தும் மானாவாரிக் காட்டை விற்றும் படிக்க வைத்தோம். அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினாள், அப்பா சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டார். முதல் மாதச் சம்பளம் வந்ததும், “வேல குடுத்தவுக நல்லாருக்கணும், அவுக மனசு கோணாம நடந்துக்க” என்று சொல்லி அனுப்பினோம். படியளக்கிறவர் என்று ஒருவரை வைத்துக் கும்பிடுகிற பழக்கம் நமக்குப் பண்ணையாரிடம் தொடங்கியது, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிடம் நீடித்தது, இப்போது மேனேஜரிடம் போய் நிற்கிறது. மேலாளர் அதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார். “நாமெல்லாம் ஒரு ஃபேமிலி, கொஞ்சம் ஸ்ட்ரெட்ச் பண்ணிக்கோங்க” என்பார். குடும்பத்தில் யாருக்கும் மூன்று மாத நோட்டீஸ் கொடுப்பதில்லை. ஒரு பிள்ளையின் ஒரு மணி நேரத்துக்கு வாடிக்கையாளரிடம் எவ்வளவு டாலர் வாங்குகிறார்கள், அதில் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வருகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால், யார் யாருக்குப் படியளக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

இந்த மண்ணுக்கு வேறொரு ஞாபகமும் இருக்க வேண்டும். விளாத்திகுளத்துக்குப் பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ. சிதம்பரனார், கப்பல் விட்டவர் என்று மட்டும் பாடப்புத்தகத்தில் நிற்கிறார். தூத்துக்குடி கோரல் மில்லில் ஹார்வி கம்பெனி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வேலை வாங்கியது, வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் போராட்டம் முடிந்தபோது கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை ஆனது. அடுத்த வாரமே வ.உ.சி. கைதானார். அன்று கிடைத்தது, 90 மணி நேரக்காரர் பறித்துக்கொள்ள ஆசைப்படும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். அது யாரும் கருணையால் தந்ததில்லை. எழுதப்படிக்கத் தெரியாத மில் தொழிலாளி, அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாமல் கேட்டு வாங்கியது.

1923 மே 1 அன்று சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். அறிவியலைத் தமிழில் எழுதி மூடநம்பிக்கையைத் தாக்கிய அதே மனிதர். அவருக்கு இரண்டும் ஒரே வேலை. சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016-இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் பிள்ளைகள் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள்.

சாதியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. புதிதாகக் குழுவில் சேர்ந்தவரிடம் தமிழ் மேலாளர் கேட்பார், “எந்த ஊர்?” “விளாத்திகுளம் பக்கம் சார்.” “பக்கம்னா எந்த ஊர்? எந்தத் தெரு?” இந்த இரண்டாவது கேள்வி நிரல் எழுதுவதற்கு எதற்கும் பயன்படாது. எதற்குப் பயன்படும் என்று கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். கடல் தாண்டினாலும் இது கரைவதில்லை. சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளரை இந்திய மேலாளர்கள் சாதி காரணமாக ஒதுக்கினார்கள் என்று குற்றம் சாட்டி 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறையே வழக்குப் போட்டது. 2023 ஏப்ரலில் இரு மேலாளர்கள் மீதான வழக்கை அந்தத் துறை கைவிட்டது, நிறுவனத்தின் மீதானது தொடர்ந்தது. அந்த வழக்கின் முடிவு எதுவானாலும் ஒன்று உறுதி. அதிக சம்பளம் தரும் மென்பொருள் தொழிலில், ஒரு குழுவுக்குள் யார் பேச்சு எடுபடும் என்பதைத் தீர்மானிக்கும் சக்தி பிறப்புக்கு உண்டா என்று ஓர் அமெரிக்க நீதிமன்றம் கேட்க வேண்டி வந்தது. கேட்க வைத்தது நாம்.

என்னோடு வாதிடும் மேலாளர் நண்பர்கள் ஒன்று சொல்வார்கள். “அண்ணாச்சி, விவசாயி மணி பாத்தா வேல செய்றான்? மழை பேஞ்சா ராவும் பகலும் காட்டுலதான் கெடக்கான்.” உண்மை. கரிசலில் பருவம் தப்பினால் ஆறு மாதச் சோறு போயிற்று. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவன், மழை விழுந்ததும் களைக்கு முந்திக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கெடுவை வைத்தது பருவம். அதனிடம் வழக்காட முடியாது, கண்ணால் பார்த்து எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். மென்பொருள் ரிலீஸ் தேதியை வைத்தது ஒரு மனிதர். விற்பனைப் பிரிவில் ஒருவர் ஒப்பந்தம் கிடைக்க வேண்டும் என்பதற்காக மூன்று மாதம் என்று வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார். நிரல் எழுதுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். மனிதர் வைத்த தேதி என்றால் வைத்தவர் பதில் சொல்ல வேண்டும், ஏன் இந்தத் தேதி, எந்தக் கணக்கில் என்று. பதில் சொல்லாமல் அதை மழைபோல, விதிபோலக் கீழே இறக்குவது ஏமாற்று. தேதி நெருங்கியதும் இன்னும் நாலு பேரைக் குழுவில் சேர்ப்பார்கள். பிந்திப்போன மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் பிந்தும் என்று, ஐபிஎம்மில் பெரிய திட்டத்தை நடத்தி அடிபட்ட ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார். வந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே இருந்தவரின் நேரம் போகும், எளிய காரணம். பல கல்லூரிகளில் அந்தப் புத்தகம் பாடம். பரீட்சை எழுதித் தேறியவர்கள்தான் ஆள் சேர்க்கிறார்கள்.

எனக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறாரே, அவர் என்னை அழுத்துகிறாரே என்பார் மேலாளர். அதுவும் உண்மைதான், அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் மேலே வாங்கியதைக் கீழே இறக்கி வைக்கும் சுதந்திரம் இருப்பதால்தான் மேலே வாங்கியதை அவர் எதிர்ப்பதில்லை. சாதி இத்தனை நூற்றாண்டு நின்றதும் இந்த ஏணியால்தான் என்று அம்பேத்கர் விளக்கியிருக்கிறார். ஒரு படியில் இருக்கும் மேலாளர் இறக்கி வைக்க மாட்டேன் என்று முடிவெடுத்தால், அடுத்த வாரமே மேலே போய்ப் பேசுவதற்கு அவருக்கு வார்த்தை கிடைத்துவிடும்.

எதிர்பார்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூலி வாங்கினால் வேலை செய்ய வேண்டும், சொன்ன நாளில் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் கேட்பது அந்த எதிர்பார்ப்பை எழுதிக் காட்டுங்கள் என்று. வாய்க்குள் இருக்கும் எதிர்பார்ப்பு சாமியாடி வாக்குப்போல, யாருக்கு எப்படி வேண்டுமானாலும் பொருள் மாறும். தாளில் இருப்பதைக் கேள்வி கேட்கலாம். கிட்லேப்பில் வேலை செய்யும் முறை பெரும்பாலும் யாரும் படிக்கும்படி கையேடாக இருக்கிறது. நான் எப்படி வேலை செய்வேன், என்னிடம் என்னென்ன குறைகள் என்று அதன் முன்னாள் தலைமை அதிகாரி உட்படப் பலரும் எழுதி வைத்தார்கள். அமெரிக்காவில் பல மேலாளர்கள் இப்படி ஒரு தாள் எழுதித் தருகிறார்கள். அவற்றில் சில, தங்கள் குணக்கேட்டுக்கு முன்கூட்டியே மன்னிப்பு வாங்கிக்கொள்ளும் தாள்கள். நான் சொல்வது மேலாளரைக் கட்டுப்படுத்தும் தாள்.

விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கம் இருந்து போய் மேலாளர் ஆனவர்களே, இந்தத் தாளைத் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். இரவு எத்தனை மணிக்கு மேல் அழைக்க மாட்டேன், அழைத்தால் எடுக்காமல் இருக்கலாம் என்று மணியைப் போட்டு எழுதுங்கள். வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று வேலை செய்கிறவரைக் கேட்காமல் யாருக்கும் தேதி சொல்ல மாட்டேன் என்று எழுதுங்கள். புரொடக்‌ஷனில் எது உடைந்தாலும் முதல் கூட்டத்தில் ஒருவர் பெயரும் வராது, எது தடுக்கத் தவறியது என்பது மட்டுமே பேசப்படும், அந்தத் தடுப்பைக் கட்டாதது என் பொறுப்பு என்று எழுதுங்கள். ஊருக்கு மேல் தெருவைக் கேட்க மாட்டேன், கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று ஒரு பெண்ணிடமும் கேட்க மாட்டேன் என்று எழுதுங்கள். ரேட்டிங்கில் நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் சான்று காட்டுவேன், காட்ட முடியாத வரியை எடுத்துவிடுவேன் என்று எழுதுங்கள்.

எழுதியதைக் குழுவிடம் கொடுத்து, பொருந்தாததை அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். போன மாதம் சேர்ந்த பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. யாரும் எதையும் அடிக்காமல் திருப்பித் தந்தால் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் போடாமல் தரலாம் என்று சொல்லி, மறுபடியும் கொடுத்துப் பாருங்கள்.